மீட்டர் பார்க்காத தூரம்

என்னைத் திருடி என்று நேராகச் சொல்ல சுகுமாருக்கு வாய் வரவில்லை. கணினித் திரையை என் பக்கம் திருப்பி, பேனா முனையால் ஓர் எண்ணைத் தொட்டுக் காட்டினார். ஐந்து புள்ளி ஆறு. என் லோரி ஒரு லிட்டர் டீசலுக்கு ஐந்து புள்ளி ஆறு கிலோமீட்டர்தான் ஓடுகிறதாம். அதே வகை, அதே வயது, அதே பாரம் ஏற்றுகிற சக ஓட்டுநர் தீபனின் லோரி ஆறு கிலோமீட்டர் ஓடுகிறதாம்.

“மாசம் ஐயாயிரம் கிலோமீட்டர் ஓட்டுற, குமுதா. தீபன் ஓட்டுறத வச்சுப் பார்த்தா எண்ணூத்தி முப்பத்து மூணு லிட்டர் போதும். நீ எண்ணூத்தித் தொண்ணூத்து மூணு ஊத்துற. அறுபது லிட்டர் எங்க போகுது?”

“எஞ்சின் குடிக்குது சார். வேற எங்க போகும்?”

“எஞ்சின பிரிச்சுப் பார்த்தாச்சு. டேங்கி ஒழுகல. வேற வழியிலதான் போகுது.”

“அப்படின்னா காலையில தே ஓ டீக்குப் பதிலா நான்தான் குடிக்கிறேன்னு எழுதிக்கிங்க.”

அவர் சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பேராக் மாநிலத்தில் சிலிபினில் இருக்கும் எங்கள் கம்பெனிக்கு ஒன்பது லோரிகள். முதலாளி பஞ்சலிங்கம். ஆனால் சாவி, டயர், டீசல், ஓட்டுநர் எல்லாம் சுகுமார் கையில்தான். கெட்டவர் இல்லை. யாரையும் வாடா போடா என்று பேச மாட்டார். மனிதர்கள் பொய் சொல்வார்கள், எண்கள் சொல்லாது என்பது அவர் கட்சி. எண்ணை எடுத்துக்கொடுத்த கருவி பொய் சொல்லுமா என்று மட்டும் அவர் கேட்டதில்லை.

ஐந்து வருஷம் இங்கே வேன் ஓட்டிய பிறகுதான் எனக்கு லோரி கிடைத்தது. லோரி ஓட்டுகிற பெண் இந்த யார்டில் நான் ஒருத்திதான். சிக்னலில் நின்றால் பக்கத்துக் காரில் இருப்பவர்கள் ஒரு தடவை பார்ப்பார்கள், சரியாகத்தான் பார்த்தோமா என்று இன்னொரு தடவை பார்ப்பார்கள். பார்க்கட்டும். அரிசி, பருப்பு, சமையல் எண்ணெய் ஏற்றிக்கொண்டு கமுந்திங், பாரிட் புந்தார் வரை போவேன். வழியில் பழைய ரப்பர் தோட்டங்கள் வரும். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, தொழிலாளர் லயங்களை இடித்துத் தாமான் குடியிருப்புகள் கட்டிவிட்டார்கள். ஆனால் உள்ளே இருக்கும் மளிகைக் கடைக்குப் போகிற செம்மண் பாதை மட்டும் அப்படியேதான் இருக்கிறது. மழைக்காலத்தில் அந்தப் பாதையில் இறங்கி ஏறத் தெரிந்தவர்களைத்தான் நான் ஓட்டுநர் என்பேன்.

அந்த லோரி என்னிடம் வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு முன்னால் அதை ஓட்டியவர் இராமசாமி அண்ணன். பதினெட்டு வருஷம் இங்கே வேலை செய்தவர். போன டிசம்பரில் அவருடைய எண்ணும் திடீரென்று ஆறிலிருந்து ஐந்து புள்ளி ஆறுக்கு இறங்கியது. சுகுமார் அவரை யார்டில் எல்லாருக்கும் முன்னால் நிற்க வைத்து, “டீசல் எண்ணெய் திருடினீங்களா இல்லையா?” என்று கேட்டார். இராமசாமி அண்ணன் கத்தினார், சத்தியம் செய்தார், என்னென்னவோ காரணம் சொன்னார். நாங்கள் சிரித்தோம். நானும் அங்கேதான் நின்றேன். கடைசியில், தானாக வேலையை விட்டு விலகுவதாக எழுதிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ஜனவரியில் லோரிச் சாவி என் கைக்கு வந்தது. சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

இப்போது அவர் கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலை வாசலில் ஜாகா, அதாவது காவலாளி. அங்கே உள்ள கேண்டீனுக்கு வியாழக்கிழமைதோறும் நான் அரிசி இறக்குவேன். வாசலில் அவர் என் லோரி எண்ணைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவார், தடுப்பைத் தூக்குவார். என் முகத்தைப் பார்க்க மாட்டார். திருடியவனுக்கு எப்படி முகம் பார்க்க வரும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஒரே லோரியில் இரண்டு பேர் மாட்டியதும் சுகுமாருக்கு லோரி மேல் சந்தேகம் வரவில்லை, பாதை மேல் வந்தது. “அந்த ரூட்ல திருட்டு எண்ணெய் வாங்குற ஆள் எவனோ இருக்கான்” என்றார். மற்ற ஓட்டுநர்கள் லோரிக்கு ராசி இல்லை என்றார்கள். ஒருவர் கோயிலில் வாங்கிய கறுப்புக் கயிற்றைக் கொண்டுவந்து முன்கண்ணாடியில் கட்டினார். கயிறு ஆடிக்கொண்டே இருந்தது, எண் அசையவே இல்லை.

மெதுவாக ஓட்டிக் காட்டுகிறேன் என்று மூன்று வாரம் சவால் விட்டு ஓட்டினேன். மீட்டரில் எழுபதைத் தாண்டவில்லை. மேட்டில் மிதிக்கவில்லை, இறக்கத்தில் விரட்டவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தே என் பரம்பரையை விசாரித்தார்கள். வந்த எண் ஐந்து புள்ளி ஏழு.

“பார்த்தியா? மெதுவா ஓட்டியும் ஏறல. ஓட்டுறதுல தப்பு இல்லன்னு நீயே காட்டிட்ட” என்று சொல்லி, சுகுமார் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை, எங்கள் பேச்சில் சுராட்டை, எடுத்தார். நான் சொந்த விருப்பத்தில் விலகுகிறேன் என்று மலாயில் தட்டச்சு செய்திருந்தது. “ஆயுத பூஜைக்குள்ள கையெழுத்து போட்டுக் கொடு. போட்டா இதோட முடிஞ்சிரும். இல்லன்னா போலீஸ்ல ரிப்போர்ட் செய்ய வேண்டி வரும்.”

“இந்த சுராட்ட நீங்களே வச்சுக்கிங்க சார். நான் போட மாட்டேன்.”

“யோசி, குமுதா.”

“யோசிச்சுத்தான் சொல்றேன். நான் எடுக்கல.”

ஆனாலும் கடிதத்தை அவர் என் கையில் திணித்தார். வீட்டுக்கு எடுத்துப்போய் இரண்டு முறை படித்தேன். போலீஸ் ரிப்போர்ட் என்று ஒன்று விழுந்துவிட்டால் பேராக்கில் எந்தக் கம்பெனியும் எனக்குச் சாவி தராது. கையெழுத்துப் போட்டாலும் அதே கதைதான், இராமசாமி அண்ணனை எந்தக் கம்பெனி லோரி ஓட்டக் கூப்பிட்டது? பயமாகத்தான் இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். அந்தக் கோபத்தில் ஒரு கேவலமான காரியம் செய்தேன். நான் வராத நாளில் எடுப்பதற்காக என் லோரியின் மாற்றுச்சாவி தீபனிடம் இருந்தது. நேராக அவனிடம் போய், “தம்பி, ராத்திரியில என் டேங்கிய தெறக்குறது நீதானா?” என்று கேட்டுவிட்டேன்.

அவன் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். “அக்கா, உங்கள அவங்க கேட்டப்ப எப்படி இருந்துச்சு? அப்படித்தான் லா எனக்கும் இருக்கு.” அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை.

ஆயுத பூஜை வந்தது. காலையிலேயே யார்டைக் கழுவிக் காயவிட்டு, ஒன்பது லோரிகளையும் துடைத்து நிறுத்தியிருந்தோம். மற்ற கம்பெனிகளில் முன்கண்ணாடியில் பொட்டு வைத்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் முதலாளிக்கு அது போதாது. ஓடுவது சக்கரம்தானே, அதற்குத்தான் முதல் மரியாதை என்பார். அதனால் எங்கள் யார்டில் முன்சக்கரங்களில், தரையில் படுகிற இடத்தில், சந்தனத்தைக் குழைத்துப் பட்டையாகப் பூசி நடுவில் குங்குமம் வைக்க வேண்டும். பெண் என்பதால் ஒவ்வொரு வருஷமும் அந்த வேலை என் தலையில்தான் விழும். கையெழுத்துப் போடாத கடிதம் சட்டைப்பையில் இருக்க, இந்த வருஷம் கோபத்தில் சந்தனத்தை அள்ளி அள்ளி அப்பினேன். சுவருக்குச் சிமெண்டு பூசியதுபோல இருந்தது.

ஐயர் தீபம் காட்டினார். முதலாளி பூசணிக்காய் உடைத்தார். “பத்தேகாலுக்குள்ள எல்லா வண்டியும் கேட்ட தாண்டிரணும், அப்புறம் நேரம் சரியில்ல” என்று கையைத் தட்டினார். வழக்கம்போல அலுவலகத்துக்கு முன்னால் இருந்த வெள்ளைக் கோட்டிலிருந்து இரண்டு இரண்டு லோரியாகக் கிளம்ப வேண்டும். முதல் ஜோடி நானும் தீபனும். என் வலப்பக்கம் அவன் லோரி. இரண்டு பேரும் முகத்தை நேரே வைத்துக்கொண்டு எடுத்தோம். எலுமிச்சம்பழம் நசுங்கியது. கேட்டில் ஒரு லோரிதான் போக முடியும் என்பதால் நான் முந்திக்கொண்டேன். தீபன் வருகிறானா என்று வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன்.

தரையில் இரண்டு வரிசையாகச் சந்தனப் பட்டைகள் விழுந்திருந்தன. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் ஒரு பட்டை. ஒரு வரிசை என் வலது முன்சக்கரத்துடையது, இன்னொன்று தீபனின் இடது முன்சக்கரத்துடையது. கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் தொடங்கியிருந்தன. அடுத்த பட்டையில் என்னுடையது கொஞ்சம் முன்னால் விழுந்திருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் முன்னால். நான்காவதில் அரை மீட்டர் தள்ளிப் போயிருந்தது.

கேட்டின் வாயிலேயே லோரியை நிறுத்திவிட்டுக் குதித்தேன்.

“என்ன லா, குமுதா? நேரம் போகுது!” என்று முதலாளி கத்தினார். தீபனின் லோரியிடம் போய், “தம்பி, டேப் இருக்கா?” என்றேன். ஒரு வாரமாகப் பேசாதவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இரும்பு அளவு டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கினான். அவன் ஒரு முனையைப் பிடித்தான், நான் மறுமுனையை இழுத்தேன். அவனுடைய ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் இருநூற்று நாற்பத்தைந்து சென்டிமீட்டர். என்னுடையதற்கு இருநூற்று அறுபத்திரண்டு. சந்தேகம் வேண்டாம் என்று இன்னோர் இடத்திலும் அளந்தோம். அதேதான்.

தீபன் என் டயருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, பக்கவாட்டில் அச்சடித்திருந்ததை விரலால் துடைத்துப் படித்தான். “அக்கா, இது எட்டு இருபத்தஞ்சு. என்னோடது ஏழு அம்பது. உங்க ஆறு டயரும் பெரிய சைஸ்!”

சனிக்கிழமைதோறும் அந்த டயர்களை நான்தான் கழுவுகிறேன். ஒரு நாளும் அதைப் படித்ததில்லை.

சுகுமார் கைக்கணினியோடு வேகமாக வந்தார். “டயர் பெருசுன்னா என்ன? அதுக்கும் எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம்?”

“சார், இந்த மீட்டர் ரோட்டப் பார்த்துச்சா? தூரம்னா என்னன்னு அதுக்குத் தெரியுமா? சக்கரம் எத்தன சுத்து சுத்துதுன்னு எண்ணும், அவ்வளவுதான். நானூத்தி எட்டு சுத்து சுத்துனா ஒரு கிலோமீட்டர்னு போட்டுக்கும். அது சுத்துக்கு எரநூத்தி நாப்பத்தஞ்சு சென்டிமீட்டர் போற சின்ன டயருக்கு சரி. என் டயர் நானூத்தி எட்டு சுத்து சுத்துனா எவ்வளவு போகும்? நீங்களே தட்டுங்க.”

அவர் தட்டினார். எண் என்றால் அவரால் தட்டாமல் இருக்க முடியாது. “ஆயிரத்து அறுபத்தொன்பது மீட்டர்.”

“அப்ப மீட்டர் ஐயாயிரம்னு காட்டுனா நான் ஓட்டுனது எவ்வளவு?”

“ஐயாயிரத்து முந்நூத்தி நாப்பத்தஞ்சு.”

“அத எண்ணூத்தித் தொண்ணூத்து மூணு லிட்டரால வகுங்க.”

வகுத்தார். திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். தீபன் எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்தான். “அஞ்சு புள்ளி ஒம்பது எட்டு! ஆறு லா! அக்கா, அதான் ஹைவேல நான் எண்பதுல வந்தும் உங்கள எட்டிப் புடிக்க முடியல. நீங்க எண்பதுன்னு நெனச்சுக்கிட்டு எண்பத்தஞ்சுல பறந்திருக்கீங்க!”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. ஒரு துளி டீசல் எங்கேயும் போகவில்லை. அறுபது லிட்டரும் ரோட்டில்தான் ஓடியிருந்தது. நான் ஓட்டிய தூரத்தைத்தான் திருடியிருந்தார்கள், அதுவும் என்னிடமிருந்து.

முதலாளி முன்னால் வந்து என் தோளில் தட்டினார். “சரி சரி. சுகுமார், அந்த சுராட்ட கிழிச்சுப் போடு. குமுதா, மனசுல வச்சுக்காத. ஏறு, வண்டிய எடு. பத்தாச்சு.”

கடிதத்தைப் பையிலிருந்து நானே எடுத்து நான்காகக் கிழித்தேன். கிழிக்கும்போதுதான் இதே கடிதத்தில் கையெழுத்துப் போட்ட இராமசாமி அண்ணன் ஞாபகம் வந்தது.

“சார், இந்த ஆறு டயரும் எப்ப மாத்துனது?”

சுகுமார் கைக்கணினியைச் சட்டையோடு அணைத்துக்கொண்டார். “அது பழைய விஷயம்.”

“பாருங்க.”

“குமுதா...”

“பாருங்க சார். எண் பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சொல்வீங்க.”

பார்த்தார். அவர் முகம் சுருங்கியதிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. போன நவம்பர் கடைசியில், செம்மண் பாதையில் லோரியின் அடிவயிறு உரசுகிறது என்று இராமசாமி அண்ணன் முறையிட்டதால், ஆறு டயரும் பெரிதாக மாற்றியிருந்தார்கள். மாற்றச் சொன்னதும் சுகுமார், பதிவு செய்ததும் சுகுமார். டிசம்பரில் இராமசாமி அண்ணன் திருடன் ஆனார். அன்று அவர் கத்திய கத்தலில் இப்போது ஒரு வாக்கியம் மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. “டயர் மாத்துனதுலேருந்துதான் இப்படி இருக்கு, அதப் பாருங்க.”

நான் லோரியில் ஏறினேன். எல்லாரும் மூச்சு விட்டார்கள். எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துக்கொண்டு மறுபடியும் இறங்கினேன்.

“பாஸ், இராமசாமி அண்ணனுக்கு போன் போடுங்க. அவர திருடன்னு கேட்டது இந்த யார்டுல, எல்லாரு முன்னுக்கும். இல்லன்னு சொல்றதும் இங்கேயே, எல்லாரு முன்னுக்கும் இருக்கணும். அதுவரைக்கும் இந்த வண்டி நகராது.”

“பின்னால எட்டு வண்டி நிக்குது!”

“நிக்கட்டும்.”

“நாளைக்குக் கூப்பிட்டுப் பேசிக்கலாம், மா. நல்ல நேரம் முடியப் போகுது.”

“அவருக்கு நல்ல நேரம் பத்து மாசத்துக்கு முந்தியே முடிஞ்சு போச்சு, பாஸ்.”

சுகுமார் சாவிக்காகக் கை நீட்டினார். நான் சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். இனி எவன் வந்து எடுப்பான் என்று பார்க்கலாம். தீபன் தன் லோரியின் எஞ்சினை அணைத்தான். அதற்குப் பின்னால் நின்ற லோரியும் அணைந்தது. ஒவ்வொன்றாக அணைந்து, கடைசியில் ஐயரின் மணிச் சத்தம் மட்டும் கேட்டது. அவரும் நிறுத்திவிட்டார்.

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். பத்து ஐந்து. போன் போடு என்று சுகுமாரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

சுகுமார் கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டார். நான்கு முறை அடித்த பிறகு, அந்தப் பக்கம் தொழிற்சாலை வாசலில் லோரிகள் இரைகிற சத்தத்துக்கு நடுவில், “யாரு?” என்ற குரல் வந்தது.

“சுகுமார் பேசுறேன்.”

“சொல்லுங்க.”

“இராமசாமி, அந்த டயர் மாத்துனதுல மீட்டர் குறைவா காட்டியிருக்கு. இன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு. அந்த விஷயத்துல உங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல.”

“அன்னிக்கு எல்லாரும் நின்னாங்களே, இப்ப நிக்கிறாங்களா?”

“நிக்கிறாங்க.”

“அப்படின்னா அன்னிக்குச் சொன்ன வார்த்தைய வச்சே சொல்லுங்க.”

சுகுமார் எங்களைப் பார்த்தார். யாரும் அவருக்கு உதவவில்லை. “இராமசாமி திருடல” என்றார்.

“கேக்கல. இங்க வண்டிச் சத்தம்.”

“இராமசாமி திருடல!” சுகுமாரின் குரல் தகரக் கூரையில் பட்டுத் திரும்பியது.

முதலாளி கைப்பேசியை வாங்கினார். “இராமசாமி, வேலைக்குத் திரும்பி வந்திரு பா.”

“அத நான் யோசிச்சுச் சொல்றேன், பாஸ். நீங்க போன்னா போறதுக்கும் வான்னா வாரதுக்கும் நான் ஆள் இல்ல.” பிறகு, “குமுதா அங்க இருக்காளா?” என்று கேட்டார்.

எனக்கு நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். பரவாயில்லை அண்ணே என்று சொல்லக்கூட வாயைத் தயாராக வைத்திருந்தேன். “இருக்கேன் அண்ணே.”

“அன்னிக்கு நான் டயரப் பாருங்கன்னு சொன்னப்ப, நீ ஒண்ணு கேட்ட. ஞாபகம் இருக்கா?”

இருந்தது. யார்டே அதற்குத்தான் சிரித்தது. இத்தனை மாதமாக அது என் ஞாபகத்துக்கு வராமல் நான்தான் பார்த்துக்கொண்டேன். “டயரு டீசல் குடிக்குதா அண்ணேன்னு கேட்டேன்.”

“எனக்கு சுகுமார் கேட்டது மறந்து போச்சு. நீ கேட்டது மறக்கல. நீயும் சொல்லு.”

“இராமசாமி அண்ணன் திருடல” என்றேன். கைப்பேசிக்கு மட்டும் கேட்கிற சத்தத்தில்.

“அன்னிக்கு அவ்வளவு சத்தமா கேட்ட. இன்னிக்கு என்ன?”

அடிவயிற்றிலிருந்து கத்தினேன். கேட்டுக்கு வெளியே ரோட்டில் போன மோட்டார் சைக்கிள்காரர் நின்று திரும்பிப் பார்த்தார். யாரும் கேட்டுக்கொள்ளாமலே அதையே இன்னொரு முறையும் சொன்னேன்.

கைப்பேசியில் தடுப்பைத் தூக்குகிற சத்தம் கேட்டது. “வியாழக்கெழம அரிசி கொண்டாருவ இல்ல?” என்றார் இராமசாமி அண்ணன். “வா. வந்து, என் மூஞ்சியப் பார்த்து லோரி நம்பரச் சொல்லு. நானும் நிமிந்து பார்த்து எழுதிக்கிறேன்.”

“வாரேன் அண்ணே” என்றேன்.

சட்டைக்குள்ளிருந்து சாவியை எடுத்து லோரியில் ஏறினேன். மணி பத்து இருபது. நல்ல நேரம் முடிந்திருந்தது. எஞ்சினைக் கிளப்பி, கேட்டைத் தாண்டி ரோட்டில் இறங்கினேன்.